ஸ்டீயரிங் பொத்தானின் அட்டவணை யாருக்குச் சொந்தம்?

"வெளியில் வாங்கிய ஸ்டீரியோவைப் பொருத்தினால் ஸ்டீயரிங் பொத்தான்கள் வேலை செய்யாது, வயரைத் தொட்டால் வாரண்டியும் போய்விடும்."

காரின் பழைய ஸ்டீரியோவை மாற்ற நினைத்த எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார். அதன் முதற்பாதி பொய். இரண்டாம் பாதியோ, இப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது என்று இந்தியப் போட்டி ஆணையம் 2014-லேயே ஆணையிட்டுவிட்ட மிரட்டல். ஆயினும், ஆய்வேட்டில் அடிக்குறிப்பில்லாத ஒரு வரியைக்கூட விட்டுவைக்காத நாம் இதை மட்டும் ஆதாரம் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறோம். சென்ற வாரம் எங்கள் துறையின் தேநீர் வேளையில் இப்பேச்சு எழுந்தபோது, அறிவியல் தத்துவம் கற்பிக்கும் ஒருவரே, "கரோல் பாக் நடைபாதையில் ஏதோ வித்தை செய்து இணைத்துத் தருவார்கள், ஆனால் அதெல்லாம் ஜுகாத்" என்று முடித்துவைத்தார். அந்த 'ஏதோ வித்தை' என்னும் சொற்றொடருக்கும் 'ஜுகாத்' என்னும் முத்திரைக்கும் மறுப்பாகவே இதை எழுதுகிறேன். நீண்ட பதிவுதான், பொறுத்தருள்க.

முதலில் அந்த வித்தை என்னவென்று பார்ப்போம்.

ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான் ஒலியைக் கூட்டுவதில்லை, பாட்டை மாற்றுவதும் இல்லை. எளிய மின்னமைப்புக் கொண்ட பெரும்பாலான வண்டிகளில் அது ஒரு மின்தடையைச் சுற்றில் இணைக்கிறது. அதன் வேலை அத்துடன் முடிந்தது. ஸ்டீரியோ தனக்குள்ளிருக்கும் ஒரு தடையின் வழியாக ஒரு வயரில் 5 வோல்ட் அழுத்தத்தை நிறுத்திவைத்துக் காத்திருக்கிறது. அந்த உள்தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஒலி கூட்டும் பொத்தானின் பின்னால் 250 ஓம் இருந்தால், அதை அழுத்தியதும் வயரின் அழுத்தம் 1 வோல்டுக்கு இறங்கும். அடுத்த பாட்டுக்குரிய பொத்தானின் பின்னால் 1,000 ஓம் இருந்தால் 2.5 வோல்டுக்கு இறங்கும். ஸ்டீரியோ இந்த எண்ணைப் படித்து, தன்னிடமுள்ள அட்டவணையில் அதற்கு நேரே எழுதியிருக்கும் கட்டளையை நிறைவேற்றுகிறது. ஏழெட்டுப் பொத்தான்கள், ஏழெட்டு எண்கள், ஒன்றோ இரண்டோ வயர்கள், ஒரு பூமி இணைப்பு. பள்ளி இயற்பியலில் ஓம் விதி படித்த எவருக்கும் இதில் புரியாதது ஏதுமில்லை.

ஆகவே புதிய ஸ்டீரியோவுக்குத் தேவைப்படுவது அந்த ஏழெட்டு எண்கள் மட்டுமே. இன்று சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களின் பின்னாலிருந்து 'கீ 1', 'கீ 2' என்று பெயர் எழுதிய இரு வயர்கள் தொங்குகின்றன. அவற்றை வண்டியின் பொத்தான் வயர்களோடு இணைத்துவிட்டு, திரையில் 'ஒலி கூட்டு' என்பதைத் தொட்டு, ஸ்டீயரிங்கில் அந்தப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது எண்ணைக் கற்றுக்கொள்ளும். பயனியர், சோனி போன்றவற்றில் இதற்கென 3.5 மி.மீ. துளை ஒன்று உண்டு. கென்வுட்டில் தனி வயர். இவை ஒவ்வொன்றும் எதிர்பார்க்கும் எண்கள் வெவ்வேறானவை. எனவே வண்டியின் எண்ணை வாங்கி ஸ்டீரியோவின் எண்ணாக மாற்றிக்கொடுக்கும் ஒரு சிறு பெட்டி இடையில் தேவைப்படுகிறது. ஸ்டீரியோ விற்கும் நிறுவனங்களும் புனிதர்கள் அல்லர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமக்குள் ஒரு பொது அட்டவணைக்கு அவர்கள் உடன்பட்டிருந்தால் அந்தப் பெட்டியே வேண்டியிருந்திராது.

இனி நடைபாதைக்கு வருவோம். தில்லியின் கரோல் பாக் சந்தையில் என் களப்பணியின் ஒரு பகுதி நடந்துவருகிறது. அங்கே வயர் வேலை செய்யும் முதியவர் ஒருவரைச் சந்தையில் அனைவரும் உஸ்தாத் என்றே அழைக்கிறார்கள். வண்டி வந்து நின்றதும் அவர் கேட்கும் முதற்கேள்வி, "ரெசிஸ்டன்ஸ் வண்டியா, கேன் வண்டியா?" என்பது. விடை தெரியாதவர்களே பெரும்பாலோர். அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. பழைய ஸ்டீரியோவை வெளியே இழுத்து அதன் கப்ளரைக் கழற்றுகிறார். கழற்றாமல் அளந்தால் ஸ்டீரியோவின் உள்தடையும் கணக்கில் சேர்ந்து எண் பிழையாகும் என்பதை அவர் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. சந்தேகத்துக்குரிய முனையில் அழுத்தம் ஏதும் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டு, பிறகுதான் மல்டிமீட்டரை ஓம் அளவைக்குத் திருப்புகிறார். உதவிக்கு நிற்கும் பையன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறான். மீட்டரின் எண் ஒவ்வொரு பொத்தானுக்கும் வேறுவேறு நிலையான மதிப்பில் வந்து நின்றால், "ரெசிஸ்டன்ஸ்" என்று அறிவிக்கிறார்.

எனக்கு வியப்பளித்தது அதற்கடுத்த செயல்தான். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டீயரிங்கை இடக்கோடி முதல் வலக்கோடி வரை மெல்லத் திருப்பச் சொல்கிறார். மீட்டரிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. சுழலும் ஸ்டீயரிங்குக்கும் சுழலாத தண்டுக்கும் இடையே சுருள் நாடா ஒன்று இருக்கிறது. பொத்தான்களின் வயரும் ஹார்னின் வயரும் ஏர்பேக்கின் வயரும் அதன் வழியாகத்தான் கீழே இறங்குகின்றன. அந்த நாடா நைந்திருந்தாலோ பொத்தானின் தொடுமுனை கறுத்திருந்தாலோ, திருப்பும்போது எண் ஆடும். இன்று 250 ஓம் என்று கற்றுக்கொண்ட ஸ்டீரியோவுக்கு நாளை 400 ஓம் வந்தால், ஒலியைக் கூட்டச் சொன்னால் பாட்டு மாறும். எண் ஆடுகிறது என்றால் உஸ்தாத் வேலையை ஏற்பதில்லை. "முதலில் நாடாவைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று வாசலோடு அனுப்பிவிடுகிறார். கைக்கு வந்த கூலியை விடுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கருதுகோள், அளவை, மாறியைத் தனிப்படுத்தல், கருவியின் பிழையை விலக்கல், அளவை மீண்டும் வருமா என்று சோதித்தல், தரவு ஐயத்துக்குரியதானால் முடிவை மறுத்தல். ஆய்வு முறையியல் தாளில் நாம் ஒரு பருவம் முழுதும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துத் தோற்றுப்போகும் பழக்கங்கள் இவை. நடைபாதையில் இவற்றைச் செய்பவரை நாம் ஜுகாத்காரர் என்கிறோம்.

அந்தச் சொல்லைப் பற்றிச் சற்று. 2012-இல் அச்சொல்லையே தலைப்பில் தாங்கிய மேலாண்மை நூல் வெளிவந்த பிறகு, ஜுகாத் என்பது இந்தியரின் பிறவிக் குணம்போலக் கருத்தரங்குகளில் போற்றப்படலாயிற்று. போற்றுவதுபோலப் பறிக்கும் சொல் அது. சிக்கனம், சாமர்த்தியம், துணிச்சல் என எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அறிவு என்ற ஒன்றை மட்டும் கொடுக்காது. மேலைநாட்டுப் பொறியாளர் ஒருவர் அறியாத மின்சுற்றை அளந்து அதன் அட்டவணையை வெளிக்கொணர்ந்தால் அதற்கு 'மீள்பொறியியல்' என்று பெயர்; ஆய்விதழில் இடமும் உண்டு. அதையே உஸ்தாத் செய்தால் ஜுகாத். கையால் செய்யும் வேலையைக் கீழ்ப்படியிலும் வாயால் சொல்லும் அறிவை மேற்படியிலும் வைத்துப் பழகிய சமூகத்துக்கு இந்த வேறுபாடு இயல்பாகத் தோன்றுகிறது. பல்கலைக்கழகத்துக்கும் அது இயல்பாகத் தோன்றுவதுதான் வெட்கக்கேடு.

இனி 'கேன் வண்டி'. இங்கேதான் உண்மையான வழக்கு இருக்கிறது.

புதிய வண்டிகளில் பொத்தானின் செய்தி தடையாகச் செல்வதில்லை. எண்ணாக மாற்றப்பட்டு, வண்டியின் உட்பிணையம் வழியே செல்கிறது. கேன் எனப்படும் இப்பிணைய முறைக்கான பணி 1983-இல் போஷ் நிறுவனத்தில் தொடங்கியது. 1986-இல் அது வெளியுலகுக்கு அறிமுகமானது. 1993-இல் ஐஎஸ்ஓ 11898 என்ற பன்னாட்டுத் தரமாயிற்று. முறுக்கிய இரு வயர்கள். அவற்றின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடைகள். இடையே தொங்கும் கருவிகள் எல்லாம் எல்லாவற்றின் பேச்சையும் கேட்கின்றன. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதன் பின்னால் அதிகபட்சம் 8 பைட் தரவு. (உஸ்தாத் இதையும் மீட்டரால்தான் கண்டறிகிறார்: பேட்டரியைக் கழற்றிவிட்டு இரு வயர்களுக்கிடையே அளந்தால் 60 ஓமை ஒட்டிய எண் வரும். 120-உம் 120-உம் இணையாக நின்றால் 60. அவர் அதைக் 'கேனின் நாடி' என்கிறார்.)

கேன் தரத்தில் செய்தியை எப்படி அனுப்புவது, இரு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால் எதற்கு முதலிடம், பிழையை எப்படிக் கண்டறிவது எல்லாம் எழுதப்பட்டிருக்கின்றன. எந்த எண் 'ஒலி கூட்டு' என்று பொருள்படும் என்பது எழுதப்படவில்லை. அதை ஒவ்வொரு கார் நிறுவனமும் தானே வகுத்துக்கொண்டு தன் பெட்டிக்குள் பூட்டிவைத்திருக்கிறது. இலக்கணம் பொதுச்சொத்து, அகராதி தனிச்சொத்து. இலக்கியம் படித்த நண்பர்கள் இந்த நிலையைச் சற்றே கற்பனை செய்து பார்க்கலாம்: தொகைநிலை, புணர்ச்சி எல்லாம் உங்களுக்குக் கற்பிக்கப்படும், ஆனால் 'மரம்' என்ற சொல்லுக்குப் பொருள் வேண்டுமானால் பதிப்பகத்தின் அங்கீகரிக்கப்பட்ட நிலையத்துக்குத்தான் செல்ல வேண்டும்.

இது தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்று சொல்பவர்களுக்கு அந்த ஸ்டீரியோவைச் சுற்றியே மூன்று மறுப்புகள் இருக்கின்றன. ஸ்டீரியோ அமரும் குழியின் அளவு பொதுத்தரம். ஜெர்மானியத் தரத்திலிருந்து வந்த 'டின்' என்ற பெயரைக் கடைக்காரர் அனைவரும் அறிவர். ஒற்றை டின் 180-க்கு 50 மி.மீ., இரட்டை டின் 180-க்கு 100 மி.மீ. மின்சாரமும் ஸ்பீக்கர்களும் வந்து சேரும் கப்ளருக்கு ஐஎஸ்ஓ 10487 என்ற தரம் உண்டு; எல்லா நிறுவனங்களும் அதை மதிப்பதில்லை என்பது வேறு கதை. மூன்றாவது மறுப்புதான் வலுவானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, உங்கள் முழங்காலுக்கு அருகில், 16 முனைகள் கொண்ட துளை ஒன்று இருக்கிறது. அதில் எந்தக் கடையில் வாங்கிய கருவியைச் செருகினாலும் எஞ்சினின் வேகத்தையும் வெப்பத்தையும் பழுதுக் குறிகளையும் படிக்கலாம். நிறுவனங்கள் தாமாக மனமுவந்து அந்த அகராதியைத் திறந்துவிடவில்லை. காற்று மாசைக் கண்காணிக்க வேண்டும் என்று அரசுகள் முடிவு செய்தன. அமெரிக்கா 1996 முதல் எல்லாப் புதிய கார்களிலும் இந்த ஓபிடி-2 துளையைக் கட்டாயமாக்கியது. பின்னர் நம் நாட்டு விதிகளும் அவ்வழியே வந்தன. எஞ்சினின் அந்தரங்கமே சட்டத்தால் பொதுவாக முடிந்தது. அதற்கு ஒரு முழம் மேலே இருக்கும் ஒலிப் பொத்தானின் அந்தரங்கம் மட்டும் காக்கப்பட வேண்டியதாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அந்தரங்கமும் காக்கப்படவில்லை. 'கேன் பாக்ஸ்' என்ற பெயரில் சீனத்திலிருந்து வரும் சிறு பெட்டிகள் கரோல் பாக்கில் குவிந்துகிடக்கின்றன. ஸ்டீரியோவின் அமைப்புப் பக்கத்தில் வண்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் பொத்தான்கள் உயிர்பெறும். அதாவது, இந்தியாவில் ஓடும் வண்டியின் அகராதியை வேற்று நாட்டில் எவரோ அமர்ந்து, வயரில் ஓடும் எண்களைக் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அது நமக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. அந்த வண்டியைப் பணம் கொடுத்து வாங்கிய உரிமையாளரிடம் மட்டும் அது இல்லை. அதை எழுதும் திறமை இங்கே இல்லாமலும் இல்லை. 'ஓப்பன்டிபிசி' போன்ற திறந்த திட்டங்களில் தன்னார்வலர்கள் பல வண்டிகளின் செய்தி எண்களை எவரும் படிக்கும்படி தொகுத்துவைத்திருக்கிறார்கள். நம் பொறியியல் கல்லூரி மாணவர் ஒரு பருவத்தின் திட்டப்பணியாகச் செய்துவிடக்கூடிய வேலை இது.

எதிர்வாதங்களில் வலுவானது பாதுகாப்பு. அதைக் கிண்டலோடு கடந்துசெல்ல மாட்டேன். ஸ்டீயரிங்கின் நடுவே ஏர்பேக் இருக்கிறது. அதைத் தூண்டும் வயரும் அதே சுருள் நாடாவில்தான் ஓடுகிறது. மஞ்சள் கப்ளரோடு வரும் அந்த வயரில் மீட்டர் முனையை வைப்பது மடமை. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, நிறுவனம் சொல்லும் நேரம் வரை காத்திராமல் ஸ்டீயரிங்கைப் பிரிப்பது அதைவிடப் பெரிய மடமை. பொத்தானே இல்லாமல் வந்த அடிப்படை மாடலுக்கு மேல்மாடலின் பொத்தான்களை வாங்கிப் பொருத்த விரும்புவோர் பலர். சில வண்டிகளில் அதற்கு நாடாவையே மாற்ற வேண்டியிருக்கும். நடைபாதையில் அதைச் செய்யாதீர்கள். ஆனால் பொத்தான்கள் ஏற்கெனவே இருக்கும் வண்டியில் ஸ்டீரியோவை மட்டும் மாற்றுபவர் ஸ்டீயரிங்கைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை. பொத்தானின் வயர் பழைய ஸ்டீரியோவின் கப்ளருக்குத் தானாகவே வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கப்ளரில் அது எத்தனையாவது முனை என்பது தெரிந்தால் போதும். தெரியாதபோதுதான் மனிதர்கள் வேண்டாத வயர்களை எல்லாம் சுரண்டிப் பார்க்கிறார்கள். அறைகுறையாக முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள், ஃபியூஸைத் தாண்டி எடுத்த மின்சாரம், அதனால் கருகிய வயர்கள் ஆகியவற்றையும் களத்தில் கண்டிருக்கிறேன். அவற்றைச் சுட்டிக்காட்டி "ஆகவே மறைத்துவைக்கிறோம்" என்பவர்களிடம், மறைத்துவைத்ததால்தான் அவை நிகழ்ந்தன என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து, ஊடுருவல் அச்சம். "கேனில் வெளிக்கருவியை இணைத்தால் எவரோ தொலைவிலிருந்து பிரேக்கைப் பிடித்துவிடுவார்." 2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு ஆய்வாளர்கள் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி ஒன்றைத் தொலைவிலிருந்தே தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்து காட்டினார்கள். அதன் விளைவாகப் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் ஏறத்தாழ 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அவர்கள் நுழைந்த வாசல் எது? தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்ட, கைபேசிப் பிணையத்தோடு இணைந்த ஸ்டீரியோ. கரோல் பாக்கில் வாங்கியதன்று. மூடிவைத்த அகராதி அந்த இருவரைத் தடுக்கவும் இல்லை. பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் செல்லும் செய்திகளுக்கு மறைகுறியீட்டு முத்திரை வேண்டும் என்றால் இடுங்கள். நானும் அதே வண்டியில்தான் செல்கிறேன். ஒலியைக் கூட்டச் சொல்லும் செய்திக்கு எதற்கு முத்திரை?

உண்மையில் பாதுகாப்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஸ்டீயரிங்கில் பொத்தான் வைக்கப்பட்டதே கையும் கண்ணும் இடம்பெயராமல் இருப்பதற்காக. அது ஊமையாகிவிட்டால் ஓட்டுநர் நடுத்திரையைத் தடவுகிறார். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் செல்லும்; இரண்டு வினாடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர், கண்ணை மூடிக்கொண்டு. நம் சாலைகளில் அந்த 33 மீட்டருக்குள் யாரெல்லாம் குறுக்கே வருவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பொத்தானை ஊமையாக்கும் வணிக முடிவு பாதுகாப்பின் பெயரால் நியாயப்படுத்தப்படும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சட்டத்துக்கு வருவோம். 2011-இல் பதிவான ஒரு முறையீட்டின் மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று அளித்த ஆணையில், 14 கார் நிறுவனங்கள் உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தொழில்நுட்பத் தகவல்களையும் சார்பற்ற பழுது நீக்குநர்களுக்குக் கிடைக்கவிடாமல் செய்தன என்று முடிவு செய்து, மொத்தம் ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் வேலை செய்தால் வாரண்டி முழுதும் ரத்து என்ற பொதுநிபந்தனை கூடாது. தவறான வேலையால் சேதம் நேர்ந்திருந்தால் அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அது வழிகாட்டியது. மேல்முறையீட்டுக்குச் சென்ற சில நிறுவனங்களின் வழக்கில் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் அபராதத்தைக் கணக்கிடும் முறையை மாற்றியது. ஆதிக்க நிலையை அவை தவறாகப் பயன்படுத்தின என்ற முடிவு நின்றது. அதன் பிறகும் என் சிறிய காருக்கு ஒரு சர்வீஸ் சென்டரில் கிடைத்த விடை, இப்பதிவின் முதல் வரி. ஸ்டீரியோவில் கைவைத்தால் எஞ்சினின் வாரண்டியும் சேர்த்தே போய்விடும் என்று அங்கே வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதும் பேச்சு மாறியது. உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன்: எழுதித் தரச் சொல்லுங்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். எழுதிக் கேட்டால் சில பூசாரிகள் வழிவிடுகிறார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சொல்லி அச்சுறுத்துபவர்களும் உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு "வண்டியில் எதை மாற்றினாலும் குற்றம்" என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் இன்றுவரை உலவுகிறது. அப்பிரிவு பேசுவது பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும் வகையிலான மாற்றங்களைப் பற்றி. உங்கள் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ஸ்டீரியோவின் பெயர் அதில் இல்லை. அளந்து கண்டறிவது திருட்டு என்பாருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே விடை சொல்கிறது (எண் ஒற்றுமை தற்செயல்). மென்பொருளை முறைப்படி வைத்திருப்பவர், வேறொரு சார்பற்ற மென்பொருள் அதனுடன் இணைந்து இயங்குவதற்கு இன்றியமையாத தகவல் எளிதில் கிடைக்காதபோது, அதைப் பெறத் தேவையான செயலைச் செய்வது உரிமை மீறலன்று என்கிறது அதன் ஓர் உட்பிரிவு. பொத்தான் அட்டவணைக்கென்றே எழுதியதுபோல இருக்கிறது.

2022 ஜூலையில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது நீக்கும் உரிமை' குறித்துக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையவாயில் ஒன்றும் திறக்கப்பட்டது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகள் அதில் அடங்கும். நல்ல தொடக்கம்தான். ஆனால் நிறுவனம் தானாக விரும்பி வெளியிடும் தகவலைத் தொகுத்துவைக்கும் பக்கம், விரும்பாத நிறுவனத்தை என்ன செய்யும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இலேயே பழுது நீக்கும் தகவலைச் சார்பற்ற பணிமனைகளுக்குத் தர வேண்டும் என்று விதியாக எழுதியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இலும் 2020-இலும் வாக்காளர்களே நேரடியாக வாக்களித்து இவ்வுரிமையைச் சட்டமாக்கினர். நம்மிடம் இருப்பது வேண்டுகோள்.

நான் கேட்பது மிகச் சிறியது. வண்டியோடு வரும் கையேட்டின் கடைசியில் ஒரே ஒரு பக்கம். ஸ்டீரியோ கப்ளரின் முனைகள் எவை, எந்த நிற வயர் எதற்கு, ஒவ்வொரு பொத்தானின் தடை மதிப்போ செய்தி எண்ணோ என்ன, எந்த வயரைத் தொடவே கூடாது. அந்தப் பக்கத்தை அச்சிடுவதால் எந்த நிறுவனத்தின் வணிக மறைபொருளும் வெளிப்பட்டுவிடாது. 500 ரூபாய் மீட்டரால் பத்து நிமிடத்தில் கண்டறியக்கூடியதை மறைபொருள் என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு. விலை இல்லாத ஒன்றை ஏன் மறைக்கிறார்கள் என்றால், மறைப்பதற்கு விலை இருப்பதால்: அடிப்படை மாடல் வாங்கியவரை மேல்மாடலுக்கோ, நிறுவனத்தின் சொந்த ஸ்டீரியோவுக்கோ தள்ளுவதற்கு ஊமைப் பொத்தானைவிட நல்ல விற்பனையாளர் கிடையாது.

கல்விப்புலத்தின் மீதும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. தானியங்கிப் பொறியியல் துறைகளில் கேன் பிணையம் பாடமாக இருக்கிறது. பிட்டுகளின் வரிசையை மாணவர்கள் தேர்வில் வரைகிறார்கள். வெளியே நிற்கும் பேராசிரியரின் காரில் ஒலிப் பொத்தானை அழுத்தினால் எந்த எண் மாறுகிறது என்று பார்த்தவர் எத்தனை பேர்? சமூக அறிவியல் துறைகளில் 'முறைசாராத் துறை' பற்றிய கட்டுரைகள் மலைபோல் குவிகின்றன. அவற்றில் உஸ்தாதுகள் கூலியாக, இடப்பெயர்வாக, கடனாக வருகிறார்கள்; 60 ஓம் ஏன் வருகிறது என்று அறிந்தவராக வருவதில்லை. நாடாவின் தேய்மானத்தை மீட்டரின் நடுக்கத்தில் படிக்கும் மனிதருக்குப் பிறகு அந்தப் படிப்பு எங்கே போகும் என்று எவரும் கேட்கவில்லை. அவருடைய பையன் கேன் பாக்ஸைச் செருகக் கற்றுக்கொண்டுவிட்டான். பெட்டி வேலை செய்யாத வண்டி வந்தால் அவன் மீட்டரை எடுப்பதில்லை, திருப்பி அனுப்பிவிடுகிறான்.

எனவே நண்பர்களே, ஒரு சிறு கூட்டுமுயற்சிக்கு அழைக்கிறேன். என் கள ஏட்டில் உஸ்தாதின் அளவைகள் சில இருக்கின்றன. அவருடைய இசைவோடு அவற்றைத் தமிழிலும் இந்தியிலும் ஒரு திறந்த அட்டவணையாக்கத் தொடங்கியிருக்கிறேன். வண்டியின் மாடல், ஆண்டு, கப்ளரின் ஒளிப்படம், முனை எண், பொத்தான்வாரியாக ஓம் மதிப்பு ஆகியவை போதும். வண்டியின் பதிவெண்ணோ உங்கள் பெயரோ வேண்டாம். பொறியியல் துறை நண்பர்கள் கேன் பதிவுகளையும் அனுப்பலாம். வண்டி நின்றிருக்கும்போது, கேட்க மட்டும் செய்து, எதையும் எழுதாமல் எடுத்த பதிவுகளாக அவை இருக்கட்டும். உட்பெட்டியில் எழுதுங்கள். ஸ்டீரியோவின் கப்ளரைக் கழற்றிவிட்டு அளக்கவும். மாட்டியபடியே அளந்த எண்களை உஸ்தாத் ஏற்கமாட்டார்.